சொல்லாத பங்கு

தம்பி,

நீ நன்றாகத்தான் இருக்கிறாய் என்பது ஞாயிற்றுக்கிழமை போனிலேயே தெரிந்துவிட்டது. அதனால் நலம் கேட்பதில் தாளை வீணாக்கப் போவதில்லை. அன்றைக்கு உன் புது வேலையைப் பற்றி எனக்கு விளக்கினாய். ஒரு கம்பெனியின் கொள்முதல், விற்பனை எல்லாவற்றையும் ஒரே கணக்கு மாதிரிக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள், அதற்குள் மேலாளர் தன் இஷ்டத்துக்கு ஏற்றி இறக்கிப் பார்க்கிற மாதிரி ஓர் எண்ணை வைப்பதுதான் உனக்குக் கொடுத்திருக்கும் முதல் வேலை, அந்த எண்ணை நகர்த்தினால் மற்ற எல்லாக் கணக்கும் கூடவே நகரும் என்றாய். "ஒனக்குப் புரியாதும்மா" என்றும் சேர்த்துக்கொண்டாய். புரிந்தது என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் உன் அப்பா தோட்டத்திலிருந்து வந்து, "யாரு, அவனா?" என்று கேட்டார். அவர் குரல் காதில் விழுந்ததும் உனக்கு அவசர வேலை வந்துவிட்டது. போனை வைத்துவிட்டாய்.

இந்தக் கடிதம் அந்த இரண்டு விஷயங்களையும் பற்றியது. நீ வைக்கப் போகிற எண்ணைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்லவேண்டும். உன் அப்பாவோடு நீ பேச்சை நிறுத்தியிருப்பதைப் பற்றியும் சொல்லவேண்டும். தனித்தனியாக எழுதத்தான் நினைத்தேன், பிரிய மாட்டேன் என்கிறது. யாருக்கும் தெரியக்கூடாத சங்கதி இதில் எதுவுமில்லை. உன் அறை நண்பர்கள் படித்தாலும் சரி, உன் அப்பாவே எடுத்துப் படித்தாலும் சரி, எனக்கு ஆட்சேபனை கிடையாது.

நீ பெங்களூருக்குக் கிளம்பிய அன்று போடியிலிருந்து உன் பெரியப்பா வந்திருந்தார். "பயலுக்கு என்னப்பா வேல?" என்று கேட்டார். "என்னமோ கம்ப்யூட்டர்ல தட்டுற வேலையாம். நிக்கிறானோ, நாலே நாள்ல ஓடி வாரானோ, யாரு கண்டா" என்றார் உன் அப்பா. நீ உள்ளே துணி அடுக்கிக்கொண்டிருந்தாய். பையின் ஜிப்பை இழுத்த வேகத்திலேயே உனக்குக் கேட்டுவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. சாயங்காலம் பஸ் ஏறும்போது என்னிடம் சொல்லிக்கொண்டாய், பெரியப்பாவிடம் சொல்லிக்கொண்டாய், அப்பா நின்ற பக்கம் திரும்பவில்லை. உன் கோபத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பத்தாம் வகுப்பில் நீ பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்தபோது ஊரே விசாரித்தது, "பாஸாயிட்டான்" என்பதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. காலேஜில் பரிசு வாங்கி வந்தாய், அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "எங்கன வைக்கப்போற?" என்றார். இதையெல்லாம் கூட்டி வைத்துக்கொண்டு, இந்த மனுஷருக்கு நம்மேல் மதிப்பே கிடையாது என்று முடிவுகட்டியிருக்கிறாய். நீ கணக்கில் கெட்டிக்காரன். ஆனால் இந்தக் கணக்கில் ஒன்றை விட்டுவிட்டாய் என்று நினைக்கிறேன்.

திராட்சைச் சங்கத்தின் ஷெட்டில் நான் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தபோது நீ ஏழாவது படித்துக்கொண்டிருந்தாய். அம்மா அங்கே பெட்டி எண்ணுகிறாள் என்றுதான் உன் நண்பர்களிடம் சொல்வாய். பெட்டியை எண்ணியது வேறு ஆட்கள். பெட்டி வருவதற்கு முன்னாலேயே எவ்வளவு வரும் என்று சொல்வதுதான் என் வேலை. ஒவ்வொரு தோட்டக்காரரும் அடுத்த வாரம் தன் பந்தலில் எத்தனை பெட்டி பறிப்பார் என்று ஷெட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போவார். கட்டம் கட்டமாக இருக்கும் ஷீட்டில் அதை நான் ஏற்றுவேன். கடைசிக் கட்டத்தில் எத்தனை லாரி வேண்டும் என்று வந்து நிற்கும். செயலாளர் அதைப் பார்த்து லாரிக்குச் சொல்லிவிடுவார். பன்னீர்த் திராட்சையின் குணம் உனக்குத் தெரியும். பறித்துவிட்டால் வைத்துக்கொள்ள முடியாது, பறிக்காமல் விட்டு ஒரு மழை விழுந்தால் கொத்தோடு வெடித்துப்போகும். லாரி குறைந்தால் யாரோ ஒருவருடைய பழம் பந்தலிலேயே நின்றுவிடும். கூடினால் வெறும் லாரி குமுளி மலையேறும்.

நம் பள்ளத்தாக்கில் தன் பந்தலில் காய்த்திருப்பதை முழுசாகச் சொல்கிற சம்சாரியை நீ பார்த்திருக்கவே மாட்டாய். தலையை இடிக்கிற அளவுக்குக் கொத்துக் கொத்தாகத் தொங்கும். காய்ப்பு எப்படி என்று கேட்டால், "ஏதோ கெடக்கு" என்பார்கள். முழுசாகச் சொன்னால் கண் பட்டுவிடும் என்று பயம். நூறு பெட்டிக்காரர் எழுபது என்பார். அதைப் பொய் என்று இங்கே யாரும் நினைப்பதில்லை, கேட்கிறவர் மனசுக்குள் கூட்டிக்கொள்வார். எனக்கு முன்னால் கையால் கணக்கு எழுதியவரும் அப்படித்தான் கூட்டிக்கொண்டிருந்தார், கூட்டுகிறோம் என்ற நினைப்பே இல்லாமல். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. அதற்குக் கண்ணைப் பற்றி என்ன தெரியும்? எழுபது என்றால் எழுபது என்றே எடுத்துக்கொண்டது. அந்தப் பருவம் முழுக்க லாரி பற்றவில்லை, ஷெட் வாசலில் வாராவாரம் சண்டை.

ஷீட்டை அமைத்துக்கொடுத்த ஆள் தேனியிலிருந்து வந்தார். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் போய், சொன்னதோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிப் போடும்படி எழுதிவிட்டுப் போய்விட்டார். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. லாரி சரியாக வந்தது, சண்டை நின்றது, எல்லோரும் கம்ப்யூட்டரைப் புகழ்ந்தார்கள். அந்தப் பங்கு உள்ளே இருப்பதை நானே கொஞ்ச நாளில் மறந்துவிட்டேன் என்றால் பார்த்துக்கொள். நீ செய்யப் போகிற வேலையின் அருமை எனக்கு அப்போதுதான் தெரிய ஆரம்பித்தது. ஓர் அனுமானத்தைக் கணக்குக்குள் புதைத்து வைத்தால், அது அனுமானம் என்பதே எல்லோருக்கும் மறந்துபோகும். அது வெளியே தெரிகிற இடத்தில் இருக்கவேண்டும்.

நம் பந்தலுக்கு அடுத்த பந்தல் பாண்டி உனக்கு நினைவிருக்கும், எதற்கெடுத்தாலும் குரல் உயர்த்துகிற ஆள். ஒருநாள் ஷீட்டின் அச்சுப் பிரதியைப் பார்த்துவிட்டார். "ஏன்த்தா, நான் சொன்னது ஒண்ணு, ஒன் மெசினு போடுறது ஒண்ணா? அப்ப நாங்க பொய் சொல்றோம்னு மெசினுக்குச் சொல்லிக் குடுத்திருக்கீகளா?" என்று கேட்டார். சங்கதி கம்பம் வரைக்கும் போய்விட்டது. மெசின் எப்படியும் கூட்டும் என்று சிலர் இன்னும் குறைத்துச் சொல்ல ஆரம்பித்தார்கள். ரோஷப்பட்ட சிலர் உள்ளதை உள்ளபடி சொன்னார்கள். உள்ளே புதைந்திருந்த பங்கு மட்டும் அசையாமல் அப்படியே இருந்தது. ஒரு வாரம் லாரி வெறுமனே போயிற்று, மறுவாரம் பழம் நின்றது. அடுத்த வாரம் என்ன ஆகும் என்று செயலாளர் என்னைக் கேட்டார். தெரியவில்லை என்றேன்.

உத்தமபாளையத்தில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்திய ஜமீலா டீச்சரிடம் போனேன். நான் முதலில் தட்டக் கற்றுக்கொண்டது அவரிடம்தான். கேட்டுவிட்டு, "உள்ளருந்து அத மொதல்ல வெளிய எடுங்கக்கா" என்றார். இருவரும் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் அந்தப் பங்கை எடுத்தோம். ஷீட்டின் உச்சியில் தனியாக ஒரே ஒரு கட்டத்தில் வைத்தோம். பக்கத்தில் மேல்நோக்கி ஓர் அம்பு, கீழ்நோக்கி ஓர் அம்பு. அம்பை அழுத்தினால் எண் ஏறும், இறங்கும், கீழே லாரிக் கணக்கும் கூடவே ஏறி இறங்கும். இதைத்தானே நீயும் செய்கிறாய்? பெயர் வைப்பதில்தான் நேரமாயிற்று. திருத்தம் என்று போட்டால் தோட்டக்காரர்கள் தப்பாகச் சொன்னதாக ஆகும், கழிவு என்று போட்டால் தரகு மாதிரி இருக்கும். கடைசியில் 'சொல்லாத பங்கு' என்று தட்டினேன். டீச்சர் வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டு, இதற்கு யாரும் கோபிக்கமாட்டார்கள் என்றார். நீயும் உன் எண்ணுக்கு நன்றாக யோசித்துப் பெயர் வை. நகர்த்துகிறவர்களுக்குத் தாங்கள் எதை நகர்த்துகிறோம் என்று தெரியவேண்டும்.

அதைச் செயலாளருக்குக் காட்டிய முதல் நாளே இன்னொன்றையும் கற்றுக்கொண்டேன். குழந்தை மாதிரி கீழ் அம்பை அழுத்திக்கொண்டே போனார். எண் பூஜ்யத்தைத் தாண்டிக் கழித்தலுக்குள் இறங்கி, ஒரு லாரிகூட வேண்டாம் என்று வந்து நின்றது. அவருக்கு அதைப் பார்க்கச் சந்தோஷம்தான், வாடகை மிச்சம் அல்லவா. லாரி குறைந்தால் அவருடைய பழம் எதுவும் அழுகப்போவதில்லை, அவருக்குப் பந்தலே கிடையாது. உனக்கும் இப்படி ஆட்கள் வருவார்கள். பதில் பிடித்த மாதிரி வரும்வரை எண்ணை நகர்த்திவிட்டு, கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது என்பார்கள். இவ்வளவுக்குக் கீழே போகாது, இவ்வளவுக்கு மேலே போகாது என்று எல்லை கட்டிவிடு, நான் அன்றைக்கே கட்டிவிட்டேன். யாராவது விளையாடிவிட்டுப் போனபின் எண் பழைய இடத்துக்குத் திரும்பி வர ஒரு வழியும் வைத்துவிடு. அந்த வழியை நான் வைக்கவில்லை, ஒருவர் ஏற்றிய எண் அப்படியே கிடந்து ஒரு லாரி காலியாகப் போயிற்று.

மேகமலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்த ஒரு சனிக்கிழமையை மட்டும் சொல்லவேண்டும். எல்லாப் பந்தலிலும் பழம் முற்றி நின்றது. நம் பந்தலுக்கு உன் அப்பா அறுபது பெட்டி என்று சொல்லியிருந்தார். அன்று காலையில்தான் அவருக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அந்தப் பந்தலுக்கடியில் நடந்து வந்திருந்தேன். தொண்ணூறுக்குக் குறையாது, ஷீட்டில் அப்போதிருந்த பங்கைக் கூட்டினாலும் அவ்வளவு வராது. மனைவிக்குத் தெரிந்தது சங்கத்துக் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. நானாக அம்பை மேலே அழுத்தினால், புருஷன் பழத்துக்காக லாரி கூட்டுகிறாள் என்று பேச்சு வரும். பேசாமல் இருந்தால் பழம் நிற்கும், நம்முடையது மட்டுமல்ல, எல்லோருடையதும். தோட்டக்காரர்கள் எல்லாரும் ஷெட்டில் கூடியிருந்தார்கள். நான் நாற்காலியை விட்டு எழுந்து, "சொல்லாத பங்க நான் தொடமாட்டேன். நீங்களே வந்து நகத்துங்க" என்றேன்.

பாண்டிதான் முதலில் வாயைத் திறந்தார். "நகத்துனா, முழுசாச் சொன்ன மாதிரி ஆகிப்போகாதா? அப்புறம் கண்ணு யாருக்குப் படும்?"

"நீங்க யாரும் வாயத் தெறந்து சொல்லலயேண்ணே. மெசினுதான சொல்லுது. கண்ணு பட்டா மெசினுக்குப் படட்டும்."

சிரித்தார்கள். ஆனால் யாரும் முன்னால் வரவில்லை. செயலாளர், "இருக்கறபடியே இருக்கட்டுமே, மழை வராமயும் போகலாம்ல" என்றார். அப்போது பின்னால் நின்றிருந்த உன் அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். என்னைப் பார்க்கவில்லை. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். மேல் அம்பை அழுத்தினார். லாரிக் கணக்கு ஏறியது. மறுபடி அழுத்தினார், மறுபடி ஏறியது. எல்லை வந்து அதற்கு மேல் எண் நகராமல் நின்ற பிறகும் இரண்டு தடவை அழுத்திப் பார்த்தார். பாண்டி, "அண்ணன் அமுக்குறாகன்னா இருக்குன்னுதான அர்த்தம். லாரிக்குச் சொல்லிருங்க" என்றார். மழை வருவதற்குள் எல்லாப் பழமும் ஏறிவிட்டது. வீட்டுக்கு வந்து கை கழுவும்போது உன் அப்பா சொன்னது, "ஏதோ ஏத்தியாச்சு."

அதற்குப் பிறகு நான் ஷீட்டில் ஒரு வரிசை கூட்டினேன். தோட்டக்காரர் சொன்னது ஒரு கட்டம், உண்மையில் லாரியில் ஏற்றியது பக்கத்துக் கட்டம். ஆளுக்கு ஆள் சொல்லாத பங்கு எவ்வளவு என்று தெரிந்தால், எல்லோருக்கும் ஒரே எண்ணை வைக்கவேண்டியதில்லை அல்லவா. பருவங்கள் சில போனபின் பார்த்தேன். மற்றவர்கள் எல்லாம் கூடக்குறைய ஒரே மாதிரி குறைத்துச் சொல்லியிருந்தார்கள். உன் அப்பாவின் வரிசை மட்டும் எனக்கு முதலில் பிடிபடவில்லை. காய்ப்பு மோசமான பருவத்தில் அவர் சொன்னது ஏறக்குறைய அப்படியே இருந்தது. சுமாரான பருவத்தில் கொஞ்சம் குறைத்திருந்தார். கொடி தாங்காமல் காய்த்த பருவங்களில்தான் அவர் மிகமிகக் குறைத்துச் சொல்லியிருந்தார். எது அவருக்கு ரொம்பச் சந்தோஷமோ அதைத்தான் ரொம்பச் சின்னதாக்கினார். கணவனோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு இது ஒரு ஷீட்டிலிருந்து தெரியவந்தது என்பதில் எனக்குக் கொஞ்சம் வெட்கம்தான்.

இப்போது உன்னிடம் வருகிறேன். உன் அத்தை மகன் இரண்டு தடவை பெயிலாகி மூன்றாம் தடவை பாஸானபோது, "நல்லா எழுதியிருக்கான்" என்று கடைத்தெரு முழுக்கச் சொன்னவர் உன் அப்பாதான். நீ அன்று உர்ரென்று இருந்தாய். எனக்கும் அன்று காரணம் தெரியவில்லை. நீ இரண்டாவது படித்தபோது நடந்த ஒன்றையும் சொல்கிறேன், உனக்கு அது நினைவிருக்காது. நீ வகுப்பில் முதலாவதாக வந்திருந்தாய். உன் அப்பா டீக்கடையில் அத்தனை பேர் நடுவில், "எம்மகன் மாதிரி படிக்கிற பய இந்தப் பள்ளத்தாக்குலயே கெடையாது" என்று சொல்லி எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அந்த வாரமே உனக்குக் காய்ச்சல் கண்டது. டைபாய்டு என்றார்கள். தேனி ஆஸ்பத்திரியில் உன்னைப் போட்டிருந்தபோது அவர் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் வரமாட்டார், வராந்தாவிலேயே நிற்பார். தன் பார்வைகூட உன்மேல் படவேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ. டைபாய்டு தண்ணீரால் வந்தது, டாக்டரும் அதைத்தான் சொன்னார். நானும் அதை எத்தனையோ தடவை எடுத்துச் சொல்லியிருக்கிறேன். தலையை ஆட்டுவார். அதற்கப்புறம் உன்னைப் பற்றி அவர் முழுசாக ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை.

இதனால் அவர் செய்தது சரி என்று ஆகிவிடாது. பத்தாம் வகுப்புப் பையனுக்கு அப்பா வாயால் ஒரு பாராட்டு வேண்டும். அது கிடைக்காமல் நீ வளர்ந்தாய், அந்தக் குறை குறைதான். எனக்கு அவர்மேல் இதில் கோபம் உண்டு. நான் கேட்பதெல்லாம், நாலே நாளில் ஓடி வருவானோ என்று அவர் சொன்னதை எழுபது என்றால் எழுபது என்று எடுத்துக்கொண்ட அந்த முதல் பருவத்துக் கம்ப்யூட்டர் மாதிரி நீயும் எடுத்துக்கொண்டாயே என்பதுதான். நீ கிளம்பிய பஸ் தேனி ரோட்டில் திரும்பி மறைந்த பிறகும் அவர் பஸ் ஸ்டாண்டிலேயே நின்றார். வீட்டுக்குப் போகலாம் என்றேன். அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று நேரங்காப்பாளரிடம் கேட்டார். எதற்கு என்று கேட்டேன், சும்மா என்றார்.

நேற்று நடந்ததை எழுதவே இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன், இவ்வளவு சுற்றி வந்துவிட்டேன். குமுளியிலிருந்து லாரித் தரகர் வந்திருந்தார், பாதி தமிழும் பாதி மலையாளமும் பேசுகிற அந்தத் தடித்த மனுஷர். ஷெட் வாசலில் உன் அப்பாவைப் பார்த்து, "மோன் இப்ப எவிட?" என்று உன்னைப் பற்றிக் கேட்டார். ஏதோ இருக்கிறான் என்பார் என்று உள்ளே உட்கார்ந்து எதிர்பார்த்தேன். அவர் சொன்னதை எழுத்துக்கு எழுத்து எழுதுகிறேன். "பெங்களூர்ல இருக்கான். பெரிய பெரிய கம்பெனிக்காரன்லாம் இவன் போட்டுக் குடுக்குற கணக்கப் பாத்துட்டுத்தான் அடுத்த அடி வைப்பான். எங்க வம்சத்துலயே இப்பிடி ஒரு புள்ள பெறந்ததில்ல. அங்கன போயி எங்கிட்டப் பேசக்கூட நேரமில்லாம வேல பாக்கான்."

சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டுப் போனார். தரகர் கொடுத்த டீயைக் கையில் வாங்கவில்லை. நேரே வீட்டுக்குப் போயிருக்கிறார். நான் போனபோது அடுப்படியில் மிளகாயும் உப்பும் எடுத்து வைத்துக்கொண்டு நின்றார். "அவனுக்குச் சுத்திப் போடு" என்றார். அவன் இங்கே இல்லையே என்றேன். "அவன் சட்டை ஏதாச்சும் கெடக்கும்ல. அதுக்குச் சுத்து." எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்பது உனக்குத் தெரியும். கொடியில் கிடந்த உன் பழைய நீலச் சட்டையை எடுத்து விரித்து, சுற்றி, மிளகாயை அடுப்பில் போட்டேன். கண் பட்டிருந்தால் நெடி வராது என்பார்கள். நெடி வீடு முழுக்க ஏறியது. அவர் இருமிக்கொண்டே அங்கேயே நின்றார், கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. மிளகாய் என்றார்.

தம்பி, வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்யும்போது நான் எடுக்கமாட்டேன். அவர்தான் எடுப்பார். "ஒங்கம்மா கடைக்குப் போயிருக்கா" என்பார். வைத்துவிடாதே.

அம்மா